மோட்டார்ஹோமுக்கு முதலில் ஷண்ட், அப்புறம்தான் சோலார்: விக்ட்ரான் கருவிகள் பற்றி

மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்குகிற வண்டியில், லெஷர் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று யாரிடம் சொன்னாலும், "கூரையில் இன்னொரு பேனல் போடுங்க" என்றுதான் உடனே பதில் வரும். பேனலுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அது ஷண்ட், அதாவது பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து கணக்கு வைக்கிற ஒரு சின்னக் கருவி. நான் வாங்கியது விக்ட்ரானின் ஸ்மார்ட்ஷண்ட், 500 ஆம்பியர் மாடல். அது காட்டியதைப் பார்த்த பிறகு அதே நிறுவனத்தின் ஓரியன் சார்ஜரையும் (வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றுவது) ஸ்மார்ட்சோலார் 75/15 கன்ட்ரோலரையும் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜை ஒழுங்குபடுத்துவது) வாங்கினேன். மூன்றுமே நல்ல பொருள்கள். ஆனால் கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஷண்ட்டை வாங்குங்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். வண்டி ஃபியட் டுக்காட்டோ வேன் மேல் கட்டிய மோட்டார்ஹோம், யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜின், பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். ஊரில் இருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: இந்த மாதிரி வண்டியில் இரண்டு தனித்தனி பேட்டரி அமைப்பு இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. இன்னொன்று பின்னால் குடியிருக்கிற பகுதிக்கு, அதாவது விளக்கு, தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் ஃபேன், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும். அந்த இரண்டாவதைத்தான் லெஷர் பேட்டரி என்கிறார்கள். மின்வெட்டுக் காலத்தில் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்துச் சமாளித்தவர்களுக்கு இதன் பாதி விஷயங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வீட்டில் ஈபி லைன் திரும்பி வந்ததும் பேட்டரி தானாக ஏறிக்கொள்ளும், இங்கே அந்தக் கரண்ட்டை நாமே தேடிப் பிடிக்க வேண்டும்.

கேம்ப் சைட்டுகளில் ஹூக்-அப் என்று 16 ஆம்பியர் கரண்ட் கொடுப்பார்கள், அதில் மாட்டிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை. ஆனால் எங்களுக்குப் பிடித்தது கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் சி.எல். (சர்ட்டிஃபிகேட்டட் லொக்கேஷன்) இடங்கள். விவசாயியின் வயல் ஓரம், ஐந்து வண்டிக்கு மேல் அனுமதி கிடையாது, கூட்டம் இல்லை, விலையும் குறைவு. அங்கே பல இடங்களில் ஹூக்-அப்பே இருக்காது. அதனால் பேட்டரி தாங்கினால்தான் இரண்டு மூன்று நாள் நிம்மதியாகத் தங்க முடியும்.

எங்கள் வண்டியில் வாங்கும்போதே கூரையில் 100 வாட் பேனல் ஒன்று, அதற்கு ஒரு மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், கீழே இரண்டு லெட்-ஆசிட் பேட்டரி, ஒரு 1000 வாட் இன்வெர்ட்டர் எல்லாம் இருந்தன. இரண்டாம் நாள் காலையில் ஹீட்டரைப் போட்டால் வோல்ட்டேஜ் குறைவு என்று பிழை காட்டி நின்றுவிடும். ஒரு பட்டறையில் காட்டினோம். மல்டிமீட்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, பேனல் போதவில்லை, இன்னும் இரண்டு போட வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வோல்ட்டேஜை மட்டும் பார்த்து பேட்டரியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. லோடு ஓடும்போது அது இறங்கும், சார்ஜ் ஏறும்போது உயரும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் சும்மா விட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தமே. மோட்டார்ஹோமில் அப்படிச் சும்மா விடுகிற நேரம் எங்கே கிடைக்கிறது?

சரி, ஷண்ட்டுக்கு வருகிறேன். இதை பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மாட்ட வேண்டும். ஒரு போல்ட் பேட்டரி பக்கம், இன்னொரு போல்ட் மற்ற எல்லாவற்றுக்கும். பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வைத்த மெல்லிய சிவப்பு வயர் ஒன்று, அது கருவிக்குச் சக்தி கொடுக்கவும் வோல்ட்டேஜ் அளக்கவும். வேலை அவ்வளவுதான், ஆனால் ஒரு விதியை விடக் கூடாது: பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஷண்ட்டுக்குப் போகிற கேபிளைத் தவிர வேறு எந்த வயரும் இருக்கக் கூடாது. எங்கள் வண்டியில் அந்த டெர்மினலில் நான்கு வயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சேஸிஸுக்குப் போகிற தடித்த கறுப்பு வயர், இன்வெர்ட்டருடையது, பழைய சோலார் கன்ட்ரோலருடையது, அப்புறம் எங்கே போகிறது என்றே தெரியாத ஒரு மெல்லிய பழுப்பு வயர். அந்த மெல்லிய வயரையும் சேர்த்து அத்தனையையும் ஷண்ட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். ஒன்றை விட்டாலும் அந்த வழியாகப் போகிற கரண்ட் கணக்கில் வராது, பிறகு போனில் இருக்கிற விக்ட்ரான் ஆப், பேட்டரியில் மீதி இவ்வளவு என்று காட்டுகிற சதவீதத்தை நம்பிப் பயனில்லை.

மாட்டியதும் ஆப்பில் சில எண்களை நாமே போட வேண்டும், விக்ட்ரான் கருவியை வாங்குகிற பலர் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள். பேட்டரியின் மொத்த ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் ஒரு ஏ.ஹெச்.) போட வேண்டும். "சார்ஜ்டு வோல்ட்டேஜ்" என்று ஒன்று இருக்கிறது, பெட்டியிலிருந்து வரும்போது 13.2 வோல்ட் என்று இருக்கும். சோலார் உள்ள வண்டியில் அதை அப்படியே விடக் கூடாது, ஏனென்றால் கொஞ்சம் வெயில் அடித்ததும் பேட்டரி நிறையாமலே 13.2-ஐத் தாண்டிவிடும், ஷண்ட் அதைப் பார்த்து 100 சதவீதம் என்று காட்டிவிடும். உங்கள் சார்ஜர் எந்த வோல்ட்டேஜில் அப்ஸார்ப்ஷன் (வோல்ட்டேஜை உச்சத்தில் நிறுத்திக் கடைசிப் பங்கை நிரப்பும் கட்டம்) செய்கிறதோ அதைவிட 0.2 அல்லது 0.3 குறைவாக வையுங்கள். 14.4 என்றால் 14.1 அல்லது 14.2. இந்த ஒன்றைச் செய்தாலே, "ஷண்ட் தப்பாகக் காட்டுகிறது" என்று சொல்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்புறம் அது காட்டிய விஷயங்கள். முதல் இரவே ஒன்று தெரிந்தது. எல்லா விளக்கையும் அணைத்து, ஃப்ரிட்ஜை நிறுத்தி, பம்ப்பை நிறுத்தி, இனி ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துப் பார்த்தால் ஆப்பில் மைனஸ் 0.9 ஆம்பியர். அது ஒரு நாளுக்கு 21 ஏ.ஹெச்.க்கு மேல்! ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃப்யூஸாக உருவி, போன் திரையைப் பார்த்துக்கொண்டே போனதில் இரண்டு இடங்கள் அகப்பட்டன. டிவி ஆன்டெனாவின் பூஸ்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சின்ன சுவிட்ச் அலமாரிக்குள் மேல் மூலையில் இருந்தது. இன்வெர்ட்டரும் லோடு இல்லாமலே விழித்திருந்து கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் நிறுத்தியதும் 0.2-க்கு இறங்கியது. பட்டறைக்காரர் சொன்னபடி பேனல் போட்டிருந்தால், இந்த ஓட்டைக்கு வெயிலை ஊற்றிக்கொண்டு இருந்திருப்போம்.

சமையலறை விஷயம் இன்னும் சுவாரசியம். மிக்ஸி போட்டால் பேட்டரி காலி என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது, சட்னி அரைக்கும்போது கேட்கிற சத்தமும் அப்படி. ஷண்ட்டில் பார்த்தால் மிக்ஸி ஓடும்போது 50 ஆம்பியரைத் தாண்டுகிறது, பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் அரைத்து முடித்துவிட்டால் மொத்தச் செலவு இரண்டு ஏ.ஹெச். கூட இல்லை. அதே சமயம் மூலையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிற சின்ன ரைஸ் குக்கர் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட்டை 25 நிமிடம் எடுக்கிறது, 20 ஏ.ஹெச். அருகே போய்விடுகிறது. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது வெறும் 4 ஆம்பியர்தான், ஆனால் விட்டு விட்டு 24 மணி நேரமும் ஓடுவதால் கோடையில் ஒரு நாளுக்கு 35, 40 ஏ.ஹெச். அதனுடையது. இந்த எண்களைப் பார்த்த பிறகு நாங்கள் செய்தது, சோற்றை கேஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டு மிக்ஸியை நிம்மதியாக ஓட்டுவது.

ஆனால் ஷண்ட்டுக்குக் கொடுத்த காசு முழுவதும் திரும்பி வந்தது வண்டி ஓடும்போதுதான். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி போனில் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எம்6 மோட்டார்வேயில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றுகிற ஜெனரேட்டர்) லெஷர் பேட்டரிக்குக் கொடுப்பது 3 ஆம்பியர். சில நேரம் அதுவும் இல்லை, மைனஸில் காட்டியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் திடீரென்று ஏறும், மறுபடி மிதித்தால் போய்விடும். காரணம் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். யூரோ 6 வண்டிகள் பலவற்றில் டீசலை மிச்சப்படுத்துவதற்காக, ஸ்டார்ட்டர் பேட்டரி ஓரளவு நிறைந்ததும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடுவார்கள், பிரேக் பிடிக்கும்போதும் வேகம் குறையும்போதும் மட்டும் 15 வரைகூட ஏற்றுவார்கள். 12.5 வோல்ட்டை வைத்து லெட்-ஆசிட் பேட்டரியை நிரப்ப முடியாது. வண்டியில் இருந்த பழைய பாணி ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே இரண்டு பேட்டரியையும் சும்மா இணைத்துவிடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

இதோடு கேபிளும் மெல்லியது. காபின் தரைக்குக் கீழே இருக்கிற ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து பின்னால் வர 5 மீட்டர், திரும்பிப் போக 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரில் 30 ஆம்பியர் போனால் வழியிலேயே ஏறக்குறைய 0.87 வோல்ட் போய்விடும். 14.2 அனுப்பினால் 13.3தான் வந்து சேரும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.33 வோல்ட்தான் இழப்பு. வீட்டு 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போவது யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்டில் அந்த ஒரு வோல்ட்தான் பேட்டரி நிறைவதற்கும் நிறையாததற்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் காசை முதலில் கேபிளில் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆக, பட்டறையில் சொன்னதற்கு மாறாக, எங்கள் பிரச்சினையில் பெரிய பங்கு கூரையில் இல்லை, காபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்தது. அங்கேதான் ஓரியன் வந்தது. முழுப் பெயர் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30, தனிமைப்படுத்தாத வகை (முன், பின் இரண்டு பக்கத்துக்கும் நெகட்டிவ் ஒன்றே). முன்னால் என்ன வோல்ட்டேஜ் வந்தாலும் அதை வாங்கி, பின்பக்க பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டேஜாக மாற்றி 30 ஆம்பியர் வரை கொடுக்கும். மாட்டிய பிறகு அதே மாதிரி மோட்டார்வே ஓட்டத்தில் பேட்டரி பாதியில் இருக்கும்போது 28, 29 ஆம்பியர் நிலையாகப் போனதைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 55 ஏ.ஹெச். அளவுக்கு உள்ளே போகிறது, எங்கள் ஒரு நாள் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

வயரிங்கில் இரண்டு விஷயம். பழைய ரிலேயை இந்தப் பாதையிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். அதை அப்படியே விட்டு ஓரியனைச் சேர்த்தால், பின்னால் ஏற்றியது ரிலே வழியாக முன்னால் போய், மறுபடி ஓரியன் வழியாகப் பின்னால் வந்து, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, இந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது என்பதால். நடுவில் எங்காவது இன்சுலேஷன் உராய்ந்து சேஸிஸில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும், ஒரு பக்க ஃப்யூஸ் மட்டும் போனால் மறுபக்கம் எரிந்துகொண்டிருக்கும். ஃப்யூஸ் என்பது கருவியைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். நான் இரண்டு பக்கமும் 60 ஆம்பியர் மிடி ஃப்யூஸ் போட்டேன். இன்ஜின் ஓடுகிறதா என்று வோல்ட்டேஜை வைத்துத் தானே கண்டுபிடிக்கிற வசதி ஓரியனில் உண்டு, ஆனால் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் ஓடும்போது மட்டும் வருகிற டி-பிளஸ் சிக்னலை நேரடியாகக் கொடுப்பது நல்லது.

குறை சொல்ல வேண்டும் என்றால், இது சூடாகும். செயல்திறன் 87 சதவீதம்தான், அதாவது முழு லோடில் 50 வாட்டுக்கு மேல் சூடாகவே வெளியேறுகிறது. சுற்றுப்புறம் 40 டிகிரியைத் தாண்டினால் அது தானாகவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில், போர்வை துணியெல்லாம் அடைத்து வைக்கிற பெட்டிக்குள் மாட்டினீர்கள் என்றால் 30 ஆம்பியருக்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைவாகத்தான் வாங்குவீர்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு, சூட்டை வெளியேற்றுகிற உலோகத் துடுப்புகள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி செங்குத்தாக மாட்டுங்கள். இன்னொன்று, 30 ஆம்பியர் என்பதைக் குறைத்து வைக்க இதில் வழியில்லை. பிறகு வந்த ஓரியன் எக்ஸ்எஸ் இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டது. 50 ஆம்பியர், கரண்ட்டை நாமே அமைக்கலாம், செயல்திறன் 98.5 சதவீதம், அதனால் சூடும் மிகக் குறைவு. இன்று புதிதாக வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்து எக்ஸ்எஸ் வாங்குவதே சரி.

இப்போது சோலார். பேனலே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்த 100 வாட்டோடு அதே அளவில் இன்னொன்று சேர்த்து 200 வாட் ஆக்கினேன், பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டு ஸ்மார்ட்சோலார் 75/15 போட்டேன். 75 என்பது பேனல் பக்கம் வரக்கூடிய அதிகபட்ச வோல்ட்டேஜ், 15 என்பது பேட்டரிக்குக் கொடுக்கிற அதிகபட்ச ஆம்பியர். 12 வோல்ட் அமைப்பில் 220 வாட் பேனல் வரை இதற்குப் போதும்.

பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கும் எம்.பி.பி.டி. வகையான இந்த ஸ்மார்ட்சோலாருக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். 100 வாட் பேனல் தன் முழுத் திறனைக் கொடுப்பது 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்கிற புள்ளியில். பி.டபிள்யூ.எம். பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும், பேனலும் பேட்டரியின் 12.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், ஆம்பியர் அதே 5.5தான். பெருக்கிப் பாருங்கள், 70 வாட். மீதி 30 கிடைக்காமலே போகிறது. எம்.பி.பி.டி. பேனலை 18-லேயே ஓடவிட்டு, மீதி வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றி பேட்டரிக்குத் தருகிறது. நல்ல வெயிலில் பேனல் கொதிக்கும்போது அதன் வோல்ட்டேஜே குறையும், அப்போது இந்த லாபம் கொஞ்சம் சுருங்கும். இங்கிலாந்தின் குளிர்ந்த, வெளிச்சமான ஏப்ரல் நாளில் லாபம் நன்றாகவே தெரிகிறது.

இரண்டு பேனலையும் சீரிஸில், அதாவது வோல்ட்டேஜ் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தேன். பேரலலில் போட்டால் நிழலுக்கு நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தக் கன்ட்ரோலர் காலையில் வேலையைத் தொடங்க பேனல் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும், தொடங்கிய பிறகு 1 வோல்ட் கூடுதல் போதும். சீரிஸில் 40 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் மந்தமான காலையிலும் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. ஒரு பேனல் முழுக்க நிழலில் விழுந்தாலும் அதன் பைபாஸ் டயோடு வழிவிட, மற்றொன்று 17, 18 வோல்ட்டில் தொடர்ந்து வேலை செய்யும். மூன்று பேனலை மட்டும் சீரிஸில் இதில் மாட்டாதீர்கள். ஒவ்வொன்றும் 22 வோல்ட் என்றால் 66 தானே, 75-க்குக் குறைவுதானே என்று தோன்றும். குளிரக் குளிர பேனலின் வோல்ட்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். மைனஸ் 10-ல் 73-க்கு வந்து நிற்கும், விளிம்பில். மூன்று பேனல் என்றால் 100/20 வாங்குங்கள், 290 வாட் வரை அது தாங்கும்.

இணைக்கும் வரிசை முக்கியம்: முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரியை முதலில் பார்த்துத்தான் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கிறது.

இந்தக் கன்ட்ரோலரில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஷண்ட்டோடு அது பேசிக்கொள்கிற விதம். ஆப்பில் இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் புளூடூத் வழியாக ஷண்ட் தான் அளக்கிற பேட்டரி வோல்ட்டேஜையும் கரண்ட்டையும் கன்ட்ரோலருக்கு அனுப்பும். கன்ட்ரோலர் தன் டெர்மினலில் 14.4 காட்டினாலும் வயர் இழப்பு போக பேட்டரியில் 14.2தான் இருக்கலாம், அது தெரியாமல் நிறைந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது அல்லவா. இப்போது பேட்டரியில் உண்மையாக இருப்பதை வைத்தே முடிவு செய்கிறது. பேட்டரிக்குள் போகிற கரண்ட் எப்போது போதுமான அளவு குறைந்தது என்பதும் அதற்குத் தெரியும், வண்டிக்குள் ஓடுகிற ஃப்ரிட்ஜின் கரண்ட்டைப் பேட்டரிக்குப் போவதாக நினைத்துக் குழம்பாது.

ஹிஸ்டரி பக்கத்தில் 30 நாள் கணக்கு பட்டைகளாக நிற்கும். ஒவ்வொரு நாளும் எத்தனை வாட்-ஹவர் வந்தது, பல்க் (முழு வேகத்தில் ஏற்றுவது), அப்ஸார்ப்ஷன், ஃப்ளோட் (நிறைந்த பிறகு தக்கவைப்பது) ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிரித்துக் காட்டும். நான் முதலில் பார்ப்பது ஃப்ளோட் நேரத்தை. அது வந்த நாளில் பேட்டரி முழுவதும் நிறைந்தது. தொடர்ந்து பல நாள் வராவிட்டால் லெட்-ஆசிட் பேட்டரி பாதி வயிற்றோடு கிடக்கிறது, தட்டுகளில் சல்ஃபேட் படியத் தொடங்கும், அடுத்த வாரம் ஒரு இரவாவது ஹூக்-அப் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

குளிர்காலத்தைப் பற்றி ஆசை வளர்க்க வேண்டாம். ஜூன் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் 62 டிகிரி உயரத்தில் இருக்கும், டிசம்பர் நண்பகலில் 15 டிகிரிதான். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கிற பேனலின் மேல் அந்த வெயில் சறுக்கிக்கொண்டு போகிறது. ஜூனில் தெளிவான நாளில் ஒரு கிலோவாட்-ஹவரை நெருங்குகிற அதே 200 வாட், டிசம்பரில் மேகமூட்டமான நாளில் 10 ஏ.ஹெச். கொடுத்தாலே பெரிய விஷயம். பேனலை இரட்டிப்பாக்கினால் அது 20 ஆகும், ஹீட்டர் ஓடுகிற நாளில் அதுவும் போதாது. குளிர்காலத்தில் பேட்டரியை நிரப்புவது ஓட்டமும் ஹூக்-அப்பும்தான், அதனால்தான் ஓரியனுக்குச் செலவு செய்ததில் எனக்கு முழுத் திருப்தி.

பேட்டரிகளையும் மாற்றினேன். பழையவை ஒன்று 85, இன்னொன்று 110, வெவ்வேறு வருஷத்தவை, அப்படி ஜோடி சேர்ப்பது நல்லதே இல்லை, பலவீனமானது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது ஒரே தயாரிப்பில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 100 ஏ.ஹெச். ஏ.ஜி.எம். (மூடி அடைத்த லெட்-ஆசிட் வகை) பேட்டரிகள். பேரலலில் இணைக்கும்போது பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுத்தேன். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்தப் பேட்டரிதான் அதிகம் உழைக்கும், சீக்கிரம் தேயும். இங்கே பேட்டரி வாங்குகிறவர்கள் நேஷனல் கேரவன் கவுன்சிலின் சரிபார்த்த பட்டியலில் ஏ, பி, சி என்கிற வகையைப் பாருங்கள், ஹூக்-அப் இல்லாத இடங்களில் அடிக்கடி தங்குகிறவர்களுக்கு ஏ. லித்தியம் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். எடை பாதிகூட இல்லை, 1997 ஜனவரிக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 3,500 கிலோ வரம்பு இருக்கிற நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது, எங்கள் பேட்டரி இருக்கிற பெட்டி தரைக்குக் கீழே தொங்குகிறது. அதை உள்ளே மாற்ற இடம் பார்த்த பிறகு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

விலை? மலிவான சோலார் கன்ட்ரோலரோடு ஒப்பிட்டால் விக்ட்ரான் மூன்று நான்கு மடங்கு. நெதர்லாந்தில் 1975-ல் தொடங்கிய நிறுவனம், ஐந்து வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், கையேடுகள் தெளிவாக இருக்கின்றன, ஒவ்வொரு அமைப்புக்கும் ஏன் எதற்கு என்று விளக்கம் இருக்கிறது. அந்தக் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கத் தயாராக இருப்பவர்களுக்குக் கொடுத்த காசு தகும். படிக்க நேரமில்லை, மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்றால் இவ்வளவு அமைப்புகள் பாரமாகத்தான் தெரியும். 75/15-ன் டெர்மினல்கள் சின்னவை, 6 சதுர மில்லிமீட்டருக்கு மேல் வயர் நுழையாது. இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் புளூடூத் வண்டிக்கு வெளியே எட்டுவதில்லை. வாங்கியதும் புளூடூத் பின் நம்பரைப் பாருங்கள், பழைய ஸ்டாக்கில் ஆறு பூஜ்ஜியமாக இருக்கும், உடனே மாற்றுங்கள், பக்கத்து வண்டியில் அதே ஆப் வைத்திருக்கிறவர் யார் வேண்டுமானாலும் உங்கள் சார்ஜ் அமைப்பை மாற்றிவிட முடியும்.

எனக்கு உண்மையான குறை ஒன்றே ஒன்று. ஸ்மார்ட்சோலாரில் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு என்று தனி வழி கிடையாது. வண்டியைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்தால் லெஷர் பேட்டரி கூரையிலிருந்து வருகிற கொஞ்சத்தில் பிழைத்துக்கொள்ளும், முன்னால் இருக்கிற ஸ்டார்ட்டர் பேட்டரியை அலாரம் மெல்ல மெல்லக் குடித்துவிடும். ஜெர்மனியின் வோட்ரோனிக் கன்ட்ரோலர்களில் இதற்கென்றே 1 ஆம்பியர் வரை தருகிற இரண்டாவது வெளியீடு இருக்கிறது, மோட்டார்ஹோமை மனதில் வைத்துச் செய்த பொருள் என்பது அதில் தெரிகிறது. அதிகம் ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருப்பவர்கள் வோட்ரோனிக்கைப் பார்ப்பது நல்லது. நான் ஷண்ட்டின் உதிரி உள்ளீட்டில் ஸ்டார்ட்டர் பேட்டரியின் வோல்ட்டேஜைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், அது 12.4-க்குக் கீழே இறங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். லெஷர் பக்கத்திலிருந்து அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுகிற சின்னக் கருவி ஒன்றைப் போடுவதுதான் அடுத்த வேலை.